திரவ வாயுவைக் கரை சேர்த்தல்

இயற்கை வாயுவைப் பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 162 பாகை சென்டிகிரேடு வரை குளிரச் செய்தால் அது திரவமாகின்றது. அதன் கன அளவும் ஏறக்குறைய அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. தொலைநாட்டு வாயுவைக் கப்பலேற்றுவது இதனாலேயே சாத்தியமாயிற்று. எனினும் இக்கடுங்குளிர்த் திரவத்தை இறக்குவது எண்ணெயை இறக்குவது போன்று எளிதன்று.

நம் நாட்டின் முதல் திரவ வாயு நிலையம் குஜராத்திலுள்ள தாஹேஜில் 2004-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. வாயு கத்தார் நாட்டிலிருந்து வந்தது. காம்பே வளைகுடாவில் ஓதம் மிக உயர்ந்து தாழும், நீரோட்டமும் கடுமையானது. ஆகவே போதிய ஆழத்தை நாடி, இறங்குதுறையை இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் கடலுக்குள் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. கடலடியில் ஊன்றிய தூண்களின் மேல் பாலம் போன்று இத்தகைய துறைகள் அமைக்கப்படுகின்றன. நீரோட்டம் தூண்களிடையே புகுந்து செல்ல வழி இருப்பதால் வண்டல் படிவதும் குறைகின்றது. ஓதத்துடன் கப்பலும் ஏறி இறங்குமாதலால், திரவத்தை வாங்கும் குழாய்கள் மனிதனின் கைபோல மூட்டுகள் உடையவை. கப்பல் எதிர்பாராது விலகினால் அவை தாமே மூடிக்கொண்டு கழன்றுவிடும்.

பாலத்தின் மேல் செல்லும் குழாயில் மற்றொரு சிக்கல் உண்டு. துருப்பிடிக்காத எஃகு, சாதாரண உஷ்ணநிலையிலிருந்து இத்திரவத்தின் குளிர்நிலையை அடையும்போது, மீட்டருக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். இரண்டு கிலோமீட்டர் குழாய்க்குக் கணக்கிட்டால் இது 6 மீட்டராகும்! நேராகப் பொருத்திய குழாய் பிய்ந்துபோகும். எனவே இடையிடையே வளைவுகள் விட்டுச் சுருக்கத்திற்கு இடமளிக்கின்றனர். முதன்முறை திரவத்தை விடுமுன் குழாயைச் சிறிது சிறிதாகவே குளிர்விக்க வேண்டும்.

கரையிலுள்ள தொட்டி இரட்டைச் சுவருடையது. உட்சுவர் நூற்றுக்கு 9 பங்கு நிக்கல் கலந்த எஃகு. சாதாரண எஃகு இக்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும். வெளிச்சுவர் கான்கிரீட். இடையே வெப்பத்தைத் தடுக்கும் பொருள் நிரப்பப்படுகிறது. தரையிலுள்ள ஈரம் உறைந்து பருத்தால் அஸ்திவாரமே தூக்கப்படும். ஆதலால் தொட்டியைத் தூண்களின் மேல் உயர்த்துகின்றனர், அல்லது அடித்தளத்தை மின்சாரத்தால் வெதுவெதுப்பாக வைக்கின்றனர். எவ்வளவு காத்தாலும் சிறிதளவு திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை அமுக்கி மீண்டும் பயன்படுத்துவர். பின்னர்த் திரவத்தைப் பம்புகளால் உயர்ந்த அழுத்தத்திற்கு ஏற்றி, சூடாக்கி, வாயுவாக மாற்றிக் குழாயில் செலுத்துவர்.

இவ்வுறுப்புகளில் ஒன்று குறைந்தாலும் ஏனையவை பயன் தரா. மகாராஷ்டிரத்தின் தாபோல் நிலையம் 2013-இல் தொடங்கியபோது அலைதடுப்புச் சுவர் முற்றுப்பெறவில்லை. அதன்பின் பல ஆண்டுகள், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் அணுக இயலாமல் நிலையம் ஓய்ந்திருந்தது. அதே ஆண்டில் இயங்கத் தொடங்கிய கொச்சி நிலையத்திலோ துறையும் தொட்டிகளும் ஆயத்தமாயிருந்தன. வாயுவை வெளியே கொண்டுசெல்லும் குழாய்தான் இல்லை. மங்களூர் வரையிலான குழாய் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதுவரை அந்நிலையம் தன் திறனில் ஒரு சிறு பகுதியையே பயன்படுத்த முடிந்தது.