ஆந்திராவில் பழைய பைக் வாங்கி நெடும்பயணமா? பெயர் மாறும் முன் புறப்பட வேண்டாம்

சித்தூர்: வேலூரில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் சித்தூர் உள்ளது. அங்கிருந்து மேலும் 70 கிலோமீட்டர் சென்றால் திருப்பதி. இரு ஊர்களிலும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்துடன் இணைக்கப்பட்டபோது சித்தூர் ஆந்திராவிலேயே தொடர்ந்தது. ஆனாலும் எல்லையின் இருபுறமும் உள்ள உறவும் வணிகமும் அறுபடவில்லை. பழைய இருசக்கர வாகனங்களும் அந்த வணிகத்தில் அடக்கம்.

திருப்பதியில் ஒரு பைக்கை வாங்கி, கடப்பா, கண்டிக்கோட்டை, கர்னூல், ஸ்ரீசைலம் என்று நெடும்பயணம் செல்ல விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் எஞ்சினையும் டயரையும் மட்டுமே பார்க்கின்றனர். பணம் கை மாறியதும் வண்டி தங்களுடையது என்று கருதுகின்றனர். பதிவுச் சான்றில் பெயர் மாறாத வரை, அரசு ஆவணங்களில் பழைய உரிமையாளரே அந்த வண்டியின் உரிமையாளர். வழியில் விபத்து நேர்ந்தால் இந்த வேறுபாடு பெரும் இழப்பாக முடியலாம்.

விபத்துக் காப்பீடு யாருக்கு?

வாகனக் காப்பீட்டில் 'உரிமையாளர்-ஓட்டுநர்' தனிநபர் விபத்துக் காப்பீடு என்ற பிரிவு உண்டு. இதன் தொகை 2018ஆம் ஆண்டு முதல் 15 லட்சம் ரூபாய். வண்டியை ஓட்டும் பதிவு பெற்ற உரிமையாளர் விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ இந்தப் பிரிவின்கீழ் இழப்பீடு கிடைக்கும்.

இங்கு கவனிக்க வேண்டியது 'பதிவு பெற்ற உரிமையாளர்' என்ற சொல். பதிவுச் சான்றிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் பெயர் இல்லாதவர் முழு விலை கொடுத்து வண்டியை வாங்கியிருந்தாலும், அவரது குடும்பம் இந்தத் தொகையைப் பெற முடியாத நிலை ஏற்படும்.

மோதலில் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி, உரிமை மாறும்போது புதியவருக்கும் தொடரும். வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக மாறுவதில்லை. முந்தைய உரிமையாளர் பெற்றிருந்த 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையும் வண்டியுடன் வராது.

விற்பவருக்கும் ஆபத்து

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது விற்பவரையும் பாதிக்கும். பலமுறை கைமாறியும் பெயர் மாற்றப்படாத கார் ஒன்று 2009இல் விபத்தில் சிக்கியது. அந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்றும், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்றும் கூறியது. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாக உண்மையான உரிமையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரு வழிகள்

வாங்குபவரின் முகவரி எந்த மாநிலத்தில் உள்ளது என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும்.

முதலாவது, ஆந்திராவிலேயே முகவரிச் சான்று உள்ளவர்கள். திருப்பதியில் படிக்கும் மாணவர்கள், அங்கு பணிபுரிவோர் இதில் அடங்குவர். இவர்கள் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றுடன் விண்ணப்பித்து ஆந்திராவிலேயே பெயரை மாற்றிக்கொள்ளலாம். வண்டியின் எண் மாறாது. அதே எண்ணுடன் பிற மாநிலங்களில் பயணம் செய்யலாம். வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மட்டுமே, 47ஆவது பிரிவின்படி, அங்கு புதிய பதிவு எண் பெற வேண்டும்.

இரண்டாவது, தமிழக முகவரி மட்டுமே உள்ளவர்கள். இவர்களுக்கு ஆந்திரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் தடையில்லாச் சான்று அவசியம். படிவம் 28 மூலம் பதிவு உரிமையாளரே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த வண்டி மீது திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கையைப் பெற்று, வரி நிலுவை இல்லை என்பதையும் சரிபார்த்த பிறகே சான்று வழங்கப்படும். விண்ணப்பத்தின் மீது 30 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 48ஆவது பிரிவு. தெரிவிக்காவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும்.

இதன் பிறகு வாங்கியவர் தனது ஊரில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கும் புதிய எண்ணுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். உரிமை மாறியதை வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்றவருக்கு 45 நாட்கள் அவகாசம் உண்டு. அதே மாநிலத்தவருக்கு விற்றால் 14 நாட்கள்தான்.

தமிழகத்தில் பதிவு செய்யும்போது ஆயுட்கால வரியும் செலுத்த வேண்டும். 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான புதிய இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதமும், அதற்கு மேல் விலையுள்ளவற்றுக்கு 12 சதவீதமும் வரி. பழைய வண்டிக்கு அதன் வயதுக்கேற்ப விகிதம் குறையும். வண்டியின் விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் இந்த வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சித்தூர் மாவட்டத்துக்கான பழைய குறியீடு ஏபி 03. 2019ஆம் ஆண்டில் ஆந்திரா முழுவதற்கும் ஏபி 39 என்ற ஒரே குறியீடு நடைமுறைக்கு வந்தது. எனவே, அதற்குப் பிறகு பதிவான வண்டியின் எண்ணைப் பார்த்து மட்டும் அது எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிட முடியாது. எம்-பரிவாகன் செயலியில் எண்ணை உள்ளிட்டு, பதிவு அலுவலகம், பதிவுத் தேதி, காப்பீட்டுக் காலம் ஆகியவற்றைப் பார்க்கலாம். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் தளத்தில் அறியலாம்.

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து, பதிவுச் சான்றுடன் ஒப்பிட வேண்டும். எண்கள் சுரண்டப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது. திருட்டு வாகனங்களின் விவரங்களைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் சரிபார்க்கலாம்.

திருப்பதி வட்டாரத்தில் இந்தச் சோதனைக்குக் கூடுதல் அவசியம் உண்டு. சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரக் கடத்தல் நீண்டகாலமாகத் தொடர்கிறது. கடத்தலுக்குப் பயன்படும் வாகனங்களைப் பறிமுதல் செய்ய ஆந்திர வனச் சட்டம் வழி செய்கிறது. வழக்கில் தொடர்புள்ள வண்டியை அறியாமல் வாங்குபவர், விசாரணைக்காக அலைய நேரிடும். ஏலத்தில் எடுத்த வண்டி என்று விற்பவர் கூறினால், அரசு ஏலத்துக்கான ஆவணங்களையும் படிவம் 32ஐயும் கேட்டுப் பெற வேண்டும்.

பதிவு உரிமையாளர் இறந்துவிட்ட நிலையில் மகனோ சகோதரரோ விற்பதும் உண்டு. அப்போது முதலில் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு வண்டி மாற வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்ததற்கான படிவம் 35ம் நிதி நிறுவனத்தின் கடிதமும் தேவை. விற்பனை ஒப்பந்தம் தெலுங்கில் எழுதப்பட்டிருந்தால், பொருள் அறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

இடைத்தரகர்கள் சிலர், முதல் உரிமையாளரிடம் கையெழுத்து மட்டும் பெற்ற, மற்ற விவரங்கள் நிரப்பப்படாத படிவம் 29, 30ஐக் கொடுத்து அனுப்புவது வழக்கம். பிறகு ஏதேனும் திருத்தம் தேவைப்பட்டால் அந்த உரிமையாளரைத் தேட வேண்டியிருக்கும். பழைய வாகனங்களை விற்கும் முகவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டும்படி கேட்கலாம்.

எந்த ஆண்டு வண்டி நல்லது?

125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். பிஎஸ்-6 மாசு விதி 2020 ஏப்ரலில் வந்தது. மலைப்பாதைகளில் செல்ல நினைப்பவர்கள் ஏபிஎஸ் உள்ள வண்டியைத் தேர்வு செய்வது பாதுகாப்பானது. 15 ஆண்டுகளை நெருங்கும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பார்க்க வேண்டும். புதுப்பித்தல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்.

காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய், மீண்டும் பிடிபட்டால் 4,000 ரூபாய் அபராதம். நடப்பில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் வாங்குவோர் கவனத்துக்கு

வெளிநாடுகளில் பழைய பைக் வாங்கிப் பயணிப்போருக்கும் இதே பாடம் பொருந்தும். வியட்நாமில் ஒரு சுற்றுலாப் பயணி விற்ற வண்டியை அடுத்தவர் வாங்கி ஓட்டுவது பரவலான பழக்கம். ஆனால் அந்நாடு 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படியான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஏற்கிறது. இந்தியாவில் வழங்கப்படுவதோ 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. வண்டி கிடைத்தாலும் அதை ஓட்டும் உரிமை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. செல்லத்தக்க உரிமம் இல்லை என்றால் பயணக் காப்பீட்டு நிறுவனமும் இழப்பீட்டை மறுக்கலாம்.

இலங்கை, மலேசியா போன்ற நாடுகளில் இருந்து இந்தியா வரும் தமிழர்களுக்கு, உள்ளூர் முகவரிச் சான்று இல்லாமல் பைக்கைத் தங்கள் பெயரில் பதிவு செய்வது கடினம். சில வாரப் பயணத்துக்கு வாடகை வண்டியே எளிய வழி. முறைப்படி உரிமம் பெற்ற வாடகை பைக்கின் எண் பலகை கறுப்பு நிறத்திலும் எழுத்துகள் மஞ்சள் நிறத்திலும் இருக்கும்.

எப்போது புறப்படலாம்?

தமிழக முகவரி உள்ளவர்கள் தடையில்லாச் சான்றுக்கே ஒரு மாதம் வரை ஒதுக்க வேண்டும். அதன் பிறகு பதிவும் வரியும் காப்பீட்டுப் பெயர் மாற்றமும் உள்ளன. எனவே, பயணத் தேதிக்கு இரண்டு மாதங்கள் முன்னதாக வண்டியை வாங்குவது நல்லது. வாங்கும் நாளில் விலையின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, தடையில்லாச் சான்று கைக்கு வந்ததும் மீதியைத் தருவதாக எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பதிவுச் சான்றிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் தனது பெயர் வந்துவிட்டதைப் பார்த்த பிறகு புறப்படுவதே பயணிக்கும் அவரது குடும்பத்துக்கும் பாதுகாப்பு.