உதைக்கும் குதிரையை வாங்கலாமா?

குதிரை வாங்கப் போய் ஏமாந்த கதை நம் நாட்டுக்குப் புதியதன்று. மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டிய மன்னனின் லாயத்துக்கு வந்து சேர்ந்த அழகிய குதிரைகள் எல்லாம் இரவில் நரிகளாக மாறி ஊளையிட்டதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இறைவன் திருவிளையாடல். ஆனால் வாங்கும்போது குதிரையாக இருந்தது, வீட்டுக்கு வந்தபின் வேறாக மாறிவிடுவது இன்றும் சந்தைகளில் நடப்பதுதான்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில் உள்ள பெருநகரில் என் பழைய மாணவர் ஒருவர் விவசாயம் செய்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் என்னைத் தேடி வந்தார்.

"சார், பக்கத்து ஊர்ல ஒரு பெண் குதிரை விலைக்கு வந்திருக்கு. கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டினதாம். பாதி விலைக்குத் தர்றேங்கிறாரு. ஆனா மெலிஞ்சு கிடக்கு, சேணம் கட்டப் போனா உதைக்குது. என் பொண்ணு அதுதான் வேணும்னு ஒத்தைக் காலில நிக்கிறா. வாங்கலாமா?"

"எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? நான் பௌதிக ஆசிரியன்" என்றேன்.

"அதுக்குத்தான் சார் வந்தேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க அளந்து பார்த்துச் சொல்லுங்க."

அளந்து பார்ப்பது நம் தொழில் அல்லவா? ஒரு தையல் நாடா, ஒரு கைக்கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றுடன் கிளம்பினோம். என் வற்புறுத்தலின் பேரில் கால்நடை மருத்துவர் ஒருவரும் உடன் வர இசைந்தார்.

தராசு இல்லாமல் எடை

குதிரையின் உடலை ஓர் உருளை என்று வைத்துக்கொள்வோம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தோம்: 145 செ.மீ. தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம் 135 செ.மீ. சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 4π-ஆல் வகுத்தால் உருளையின் கனஅளவு கிடைக்கும். உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. ஆகவே எடை சுமார் 226 கிலோ என்று வருகிறது.

கால்நடை மருத்துவர்கள் இதே பெருக்கத்தொகையை 11,880 என்னும் எண்ணால் வகுக்கிறார்கள். அதன்படி 239 கிலோ. நம் உருளைக் கணக்குக்கும் அனுபவத்தில் கண்ட சூத்திரத்துக்கும் வேறுபாடு ஆறு சதவீதத்துக்குள்தான்! தலை, கழுத்து, கால்கள் ஆகியவை உருளைக்கு வெளியே இருக்கின்றன. உடலோ சீரான உருளையும் அன்று. இவற்றையெல்லாம் சேர்த்துச் சரிக்கட்டும் எண்தான் 11,880.

எடை தெரிந்தால் சுமை தெரியும். 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குதிரைகளின் மீது அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் சுமை ஏற்றிப் பார்த்தார்கள். 25 சதவீதத்துக்கு மேல் போனபோது தசைகளில் வலியும் இறுக்கமும் தெளிவாகக் கூடின. ஆகவே 20 சதவீதத்தை எல்லையாகக் கொள்வது நல்லது. 239 கிலோவில் 20 சதவீதம் சுமார் 48 கிலோ. சேணத்துக்கு 6 கிலோ போனால் மீதி 42. நண்பரின் எடை 68 கிலோ. அவர் ஏறவே கூடாது. 36 கிலோ எடையுள்ள மகள் ஏறலாம். ஆனால் அதுவும் குதிரை நலமாக இருந்தால்தான்.

மெலிவுக்கும் மதிப்பெண்

குதிரையின் சதைப்பிடிப்புக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையை 1983-இல் ஹென்னக் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். கழுத்து, தோள்மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு முதுகு, வாலின் அடி ஆகிய ஆறு இடங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். 5 என்பது நடுநிலை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும். இந்தக் குதிரைக்கு மருத்துவர் கொடுத்தது 3. விலாக்களை நின்ற இடத்திலிருந்தே எண்ண முடிந்தது.

"நல்லாத் தீனி போட்டாத் தேறிடும்" என்றார் விற்பவர். உண்மைதான், ஆனால் பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரேயடியாகக் கொள்ளும் தானியமும் கொட்டினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மிகுதியான தானியம் குடலில் நொதித்து வயிற்றுவலியையும் குளம்பழற்சியையும் உண்டாக்கும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான குதிரைகளில் ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்று எழுதியிருக்கிறார். அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்றும், வைத்தியம் அறிந்தவர் இல்லை என்றும் குறிப்பிடுகிறார். வாங்கப் பொன் இருந்தது. வளர்க்கும் அறிவு இல்லை.

தீனிக் கணக்கையும் போட்டோம். நீர் நீக்கிய உலர் எடையில் உடல் எடையின் 2 சதவீதம் நாள்தோறும் வேண்டும். அதாவது 4.8 கிலோ. ஆண்டுக்கு ஒன்றேமுக்கால் டன்! பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். எனவே புல்லாகவே கொடுப்பதானால் தினம் 24 கிலோ அறுக்க வேண்டும். பாதி விலை என்பது ஒரு நாள் செலவு. தீனியும் லாடமும் மருந்தும் ஆயுள் முழுவதும் தொடரும் செலவு.

குளம்பு எழுதிய நாட்குறிப்பு

மரத்தின் வளையங்களைப் போலக் குளம்பிலும் வளையங்கள் தோன்றும். குளம்பு மாதத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் மேலிருந்து கீழாக வளர்கிறது. கடுங்காய்ச்சலோ தீனியில் பெரிய மாற்றமோ ஏற்பட்டால் அங்கே ஒரு வளையம் பதிகிறது. இக்குதிரையின் நான்கு குளம்புகளிலும் மேல் விளிம்பிலிருந்து 4 செ.மீ. கீழே ஒரு தடித்த வளையம் இருந்தது. 40 மில்லிமீட்டரை 8-ஆல் வகுத்தால் 5.

"ஐந்து மாதத்துக்கு முன் இதற்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

விற்பவர் திடுக்கிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா? அப்போதான் மூட்டையை அவிழ்த்துத் தானியத்தைத் தின்னுட்டுப் படுத்துடுச்சு. பிழைச்சதே பெரிசு" என்றார்.

நொண்டியும் நாடித் துடிப்பும்

நின்ற நிலையில் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. கெட்டியான தரையில், நேர்கோட்டில், துள்ளுநடையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே உயர்ந்தது. வலது கால் படும்போது தாழ்ந்தது. தலையும் கழுத்தும் சேர்ந்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதை ஓர் எதிர்எடையாக அசைத்து, வலிக்கும் காலின் மீது விழும் விசையைக் குதிரை குறைத்துக்கொள்கிறது. நெம்புகோல் தத்துவத்தை அது எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை!

கோளாறு காலின் பின்புறத் தசைநாணில் இருந்தது. இந்த நாண் ஒரு சுருள்வில்லைப் போன்றது. கால் ஊன்றும்போது நீண்டு ஆற்றலைச் சேமித்து, தூக்கும்போது திருப்பித் தருகிறது. முழுப் பாய்ச்சலில் இது 16 சதவீதம் வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். அறுபடும் எல்லைக்கு அது வெகு அருகில். சேமித்த ஆற்றலில் ஒரு சிறு பகுதி வெப்பமாகிறது. ஓடும் குதிரையின் நாணின் உட்பகுதியில் 45 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பம் இருந்ததை 1994-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரத்த ஓட்டம் குறைந்த திசு ஆகையால் புண்பட்ட நாண் ஆறப் பல மாதங்கள், சில வேளை ஓராண்டு கூட ஆகும்.

தாடையின் கீழ் விளிம்பில் விரல் வைத்து நாடியை எண்ணினோம். 15 வினாடியில் 13. நிமிடத்துக்கு 52. ஓய்வில் உள்ள குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். ஒன்று அச்சம், அல்லது வலி.

உதைப்பது குணமா, நோயா?

கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க் சொல்லும் நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் ஒரு குதிரையை 13 தாலந்துக்கு விற்க வந்தார்கள். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி. யாரையும் ஏறவிடாமல் அது முரண்டு பிடித்தது. மன்னன் வேண்டாம் என்றான். சிறுவன் அலெக்சாந்தர் மட்டும் உற்றுப் பார்த்தான். முன்னே விழும் தன் நிழலைக் கண்டே குதிரை மிரள்கிறது! அதைச் சூரியனை நோக்கித் திருப்பினான்; நிழல் பின்னால் போயிற்று; ஏறி அமர்ந்தான். அதுதான் புகழ்பெற்ற புசிபாலஸ். கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் அது இறந்தது. செஞ்சி தேசிங்குராஜன் கதைப்பாடலிலும், டில்லியில் எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை அவன் அடக்கியதாகப் பாடுவார்கள். அவன் 1714-இல் போரில் மாண்டது வரலாறு.

கதைகளில் வீரம் பெரிதாகத் தெரியும். அறிவியல் பார்வையில் பெரியது அலெக்சாந்தர் செய்த உற்றுநோக்கல்தான். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுமார் 350 டிகிரி சுற்றளவைக் காண்கிறது. நேர் பின்னாலும், மூக்குக்கு மிக அருகிலும் மட்டுமே பார்வை எட்டாது. ஆகவே பின்னாலிருந்து ஓசையின்றி வருபவரை அது எதிரியாக எண்ணி உதைக்கிறது. நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம். குதிரை 33,000-க்கு மேலும் கேட்கிறது. நமக்கு அமைதியாக உள்ள இடம் அதற்கு இரைச்சலாக இருக்கலாம்.

மருத்துவர் சேணத்தை எடுத்து அருகே கொண்டுபோனதும் அது காதுகளைப் பின்னால் மடித்துப் பின்காலை உயர்த்தியது. வயிற்றுவார் படும் இடத்தில் முடியை விலக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் புண். வார் இறுகும்போதெல்லாம் வலித்தது, உதைத்தது, உதைத்ததும் ஆள் விலகினார், வலி நின்றது. உதைத்தால் வலி நிற்கும் என்ற பாடத்தை மனிதர்களே அதற்குக் கற்றுக் கொடுத்துவிட்டோம்! புண் ஆறிவிடும், ஆனால் கற்ற பாடத்தை மறக்கச் செய்ய, பழகிய ஒருவரின் பொறுமை மாதக்கணக்கில் வேண்டும்.

முடிவு

திரும்பும் வழியில் நோட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதினோம். மெலிவு: தீரும். புண்: தீரும். உதைப்பது: தீரலாம், தேர்ந்த கை வேண்டும். நாண்: நிச்சயமில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை. குதிரையேற்றம் அறியாத குடும்பம். நொண்டும் குதிரை இடறினால் விழுவது குழந்தை.

"இப்போ வேண்டாம்" என்றார் நண்பர். மகள் அழுதாள். "நாம வாங்கலேன்னா அதோட கதி என்னப்பா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு என் நோட்டில் விடை இல்லை. மறுநாள் நண்பரே விற்பவரிடம் சென்று புண்ணையும் காலையும் எடுத்துச் சொல்லி, மருத்துவரை மீண்டும் அழைத்து வந்தார். ஆறு மாதம் சேணம் கட்டுவதில்லை என்று விற்பவர் ஒப்புக்கொண்டார். மருந்துச் செலவில் பாதியை நண்பர் ஏற்றுக்கொண்டார். மகள் வாரம் ஒருமுறை போய், தன் தந்தையின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, மருத்துவர் காட்டிய முறைப்படி நாடியை எண்ணி எழுதி வருகிறாள். கடைசியாக அவள் எழுதியிருந்த எண் 40.

இளம் நண்பர்களே! அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தைக்கோ வேறெங்கோ சென்று நீங்கள் குதிரை வாங்கப் போவதில்லை. ஆயினும் விலை மலிவு, தோற்றம் அழகு, குணம் கெட்டது என்று பிறர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யும் தருணங்கள் உங்களுக்கும் வரும். அப்போது நாடாவையும் கடிகாரத்தையும் எடுங்கள். உதைக்கும் காலைப் பார்ப்பதோடு நில்லாமல், அது எங்கே வலிக்கிறது என்று தேடுங்கள். அதுவே அறிவியல் வழி.