ஆங்கிலத்தில் எத்தனை ஆல்ஃபபெட்? ‘26’ என்று சொன்னால் தப்பு! - பெயர்ச்சொல்லில் நாம் வழுக்கும் இடங்கள்

இரவு எட்டு மணி. அடுப்பில் குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கிறது. நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் நோட்டும் கையுமாக வந்து நிற்கிறாள். “அம்மா, காமன் நவுன் பத்து, பிராப்பர் நவுன் பத்து எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க.” தமிழ் மீடியத்தில் படித்த அம்மா, “அப்பா வரட்டும்டா கண்ணு” என்கிறார். அப்பா வந்ததும், “நாளைக்கு டியூஷன்ல கேட்டுக்கோ” என்கிறார். பல வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான் இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாவுக்கு விடை தெரியும். தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வகைப் பெயர்ச்சொற்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர் அவர். ‘நவுன்’ என்ற சொல், பெயர் என்று பொருள்படும் ‘நோமென்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக, பெயர்ச்சொல்லும் நவுனும் ஒன்றேதான். ஆறு என்றால் காமன் நவுன், காவிரி என்றால் பிராப்பர் நவுன். நம் இலக்கணத்தில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று படித்தது இதைத்தான். குணப்பெயரைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ‘அப்ஸ்ட்ராக்ட் நவுன்’ என்பார்கள். ‘ஓடுதல்’, ‘படித்தல்’ போன்ற தொழிற்பெயருக்கு ‘ரன்னிங்’, ‘ரீடிங்’ இருக்கின்றன. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில்தான் வழுக்கல்.

முதல் வழுக்கல் சின்னது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே கிடையாது. அதனால் பிராப்பர் நவுனைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது கைக்கு வர நாளாகும். ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் சரியாக எழுதிவிடுவோம். மாட்டிக்கொள்வது கிழமை, மாதம், மொழி ஆகியவற்றில். ‘மண்டே’, ‘மார்ச்’, ‘தமிழ்’, ‘இங்கிலீஷ்’ எல்லாமே பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஆனால், ‘சம்மர்’, ‘விண்டர்’ என்ற பருவங்களுக்கு அது தேவையில்லை. வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவில் ‘இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்’ என்று எழுதிவிட்டு, அந்த ‘இங்கிலீஷை’யே சிறிய எழுத்தில் தொடங்கியிருந்தால், படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பத்துப் பல் பூண்டு

பெரிய வழுக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைஸஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ஹோம்வொர்க்ஸ்’ என்று கடைப் பலகையிலிருந்து கல்லூரி விழா மேடை வரை எங்கும் கேட்கலாம். ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகள் ‘சாஃப்ட்வேர்ஸ்’ என்பார்கள். பொது ஆங்கிலத்தில் இவை எதற்கும் கடைசியில் ‘எஸ்’ வராது. இவை எண்ண முடியாத பெயர்கள்.

“நாலு நாற்காலி, ஒரு மேஜை கண் முன்னாலேயே இருக்கே, ஏன் எண்ண முடியாது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சமையலறையில் இருக்கிறது. வெங்காயத்தைப் ‘பத்து வெங்காயம்’ என்று எண்ணுகிறோம். பூண்டை அப்படிச் சொல்வதில்லை, ‘பத்துப் பல் பூண்டு’ என்கிறோம். ஆங்கிலத்திலும் அச்சு அசலாக இதே கதைதான். ‘டென் ஆனியன்ஸ்’ சரி. ‘டென் கார்லிக்ஸ்’ தப்பு, ‘டென் கிளவ்ஸ் ஆஃப் கார்லிக்’ என்றே சொல்ல வேண்டும். மஞ்சள்தூளுக்கு ஒரு சிட்டிகை, கறிவேப்பிலைக்கு ஒரு கொத்து, பூவுக்கு ஒரு முழம் என்று நாம் அளவுச் சொல் வைத்திருக்கிறோம் அல்லவா? அதுபோல ஆங்கிலேயர் ஃபர்னிச்சருக்கும் அட்வைஸுக்கும் ‘பீஸ்’ வைத்திருக்கிறார்கள். ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்பது அவர்கள் ஊர் ‘ஒரு பல் பூண்டு’.

எது எண்ணக்கூடியது, எது கூடாது என்பது பொருளின் குணம் அல்ல, மொழியின் பழக்கம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ‘இன்ஃபர்மேஷன்’ என்ற சொல்லுக்குத் தாராளமாகப் பன்மை உண்டு. அதனால் ஆங்கிலம் கற்கும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும்கூட ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். நாம் மட்டும் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதும் உண்டு. தலைமுடி முழுவதையும் சொல்லும்போது ‘ஹேர்’ எண்ண முடியாதது. சாம்பாரில் ஒரு முடி கிடந்தால் அது ‘எ ஹேர்’. தட்டில் இருப்பது ‘சிக்கன்’, கொல்லையில் மேய்வது ‘எ சிக்கன்’.

சரி, தலைப்புக்கு வருவோம். ‘ஆங்கிலத்தில் 26 ஆல்ஃபபெட்ஸ்’ என்று பாடாத குழந்தை இல்லை. ஆல்ஃபபெட் என்பது எழுத்துகளின் மொத்த வரிசைக்குப் பெயர். தமிழில் அதை நெடுங்கணக்கு என்போம். தமிழில் 247 எழுத்துகள் என்கிறோமே தவிர, 247 நெடுங்கணக்கு என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் ஆல்ஃபபெட் ஒன்றுதான், ‘லெட்டர்ஸ்’தான் 26. ‘ஸ்டாஃப்’ என்பதும் இதே கட்சி. அது பணியாளர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் பெயர். இரண்டு பேரைச் சொல்ல வேண்டுமானால் ‘டூ ஸ்டாஃப் மெம்பர்ஸ்’. ஆந்தைக் கூட்டத்துக்குப் ‘பார்லிமென்ட்’, காக்கைக் கூட்டத்துக்கு ‘மர்டர்’ என்று பட்டியல் போட்டுக் குழந்தைகளை உருப்போட வைக்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைகூடத் தேவைப்படாத அந்தப் பட்டியலைவிட, தினம் புழங்கும் இந்த ‘ஸ்டாஃப்’ முக்கியம்.

‘கள்’ போடாமல் பழகிய நாக்கு

ஃபர்னிச்சருக்கு வேண்டாத ‘எஸ்’ஸைச் சேர்க்கும் நாமே, வேண்டிய இடத்தில் அதை விட்டுவிடுகிறோம். ‘டூ புக்’, ‘த்ரீ பென்’ என்று வாயில் வருவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, தாய்மொழி. ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்பது நமக்கு இயல்பான பேச்சு. முன்னால் எண் வந்துவிட்டால், உயிரற்ற பொருளுக்குக் ‘கள்’ போட்டே ஆக வேண்டும் என்று பேச்சுத் தமிழ் வற்புறுத்துவதில்லை. ஆங்கிலம் வற்புறுத்தும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ மட்டும் மன்னிக்க முடியாதது. தமிழிலேயே ‘நண்பர்களில் ஒருவர்’ என்று பன்மையில்தானே சொல்கிறோம்!

‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரி. மாடு என்ற சொல் மாறாது. இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது நம் இலக்கணம். ஆங்கிலத்தில் ‘ஷீப்’, ‘டீர்’ அப்படிப்பட்டவை. ஓர் ஆடும் ஷீப், நூறு ஆடும் ஷீப். ‘பீ’ என்ற பட்டாணியின் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய ஆங்கிலத்தில் ‘பீஸ்’ என்பதே ஒருமைதான். கடைசியில் ‘ஸ்’ ஒலி கேட்டதும் அதைப் பன்மை என்று மக்களே முடிவுகட்டி, அதை வெட்டிவிட்டுப் ‘பீ’ என்று புதிதாக ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர் செய்த அந்தத் தப்பு இன்று இலக்கணம்!

இன்னொன்று, காதுக்குத்தான் தெரியும். ‘அட்வைஸ்’ என்பது பெயராக வரும்போது கடைசி ஒலி பாம்பு சீறுவது போல ‘ஸ்’. வினையாக வரும்போது அது வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி. எழுத்தும் ‘சி’யிலிருந்து ‘எஸ்’ஸுக்கு மாறும். அந்த ரீங்காரம் தமிழில் இல்லாததால் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். ‘ரெக்கார்ட்’ போன்ற சொற்களில் அழுத்தம் மாறும். பெயரென்றால் முதல் அசையில் அழுத்தம், வினையென்றால் இரண்டாவது அசையில்.

சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. தமிழில் ‘ஐ’, ‘கு’ போன்ற வேற்றுமை உருபை ஏற்றால் அது பெயர்: மரத்தை, மரத்துக்கு. ஆங்கிலத்தில் உருபுக்குப் பதில், சொல்லுக்கு முன்னால் ‘மை’ போட்டுப் பார்க்கலாம். ‘மை வாட்டர்’ என்றால் குடிக்கிற தண்ணீர், பெயர். ‘வாட்டர் த பிளான்ட்ஸ்’ என்னும்போது அந்த வாட்டருக்கு முன்னால் ‘மை’ ஒட்டாது. அங்கே அது செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வினை.

குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. மகளின் நோட்டில் இன்னும் இருபது வரி காலி. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், முதல் வரியில் ‘ரிவர்’, எதிரே ‘காவேரி’ என்று எழுதலாம், பெரிய எழுத்தில்.