சுஷி: மீனுக்குக் குளிர், சோற்றுக்கு இளஞ்சூடு

ஒரகடம் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜப்பானியச் சொற்கள் புதிதல்ல. கைசென், கான்பான், போகா யோகே என்று ஷிஃப்ட் மீட்டிங்கிலேயே காதில் விழும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் மாலை வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி படித்தவர்களும் இந்தப் பக்கத்து ஆலைகளில் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் வந்தது. கோமட்சு அதே ஒரகடத்தில், யமஹா வல்லம் வடகாலில். ஆலைகளோடு அந்த நாட்டுச் சாப்பாடும் வந்து சேர்ந்தது. முதலில் கொரியச் சாப்பாடு, பிறகு ஜப்பானியச் சாப்பாடு. சில கடைகளில் இரண்டும் ஒரே மெனு அட்டையில் இருக்கும்.

ஆடிட்டுக்கு வந்த ஜப்பானிய விருந்தினர்களோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நம் இளம் பொறியாளர்கள் தட்டைப் பார்த்துத் தயங்குவது இயல்பு. ‘பச்சை மீனாச்சே!’ என்பதுதான் அந்தத் தயக்கம். ஆனால் சுஷிக்கு உயிர் மீனில் இல்லை, சோற்றில் இருக்கிறது. மீனே இல்லாத சுஷி உண்டு. வெள்ளரிக்காய் வைத்ததும், வறுத்த டோஃபு பைக்குள் சோறு அடைத்ததும் முழுமையான சுஷிதான். வினிகர் கலந்த சோறு இல்லையென்றால், என்ன மீன் வைத்தாலும் அது சுஷி ஆகாது. கொரியக் கடையில் கிடைக்கும் கிம்பாப் பார்வைக்கு சுஷி உருளை போலவே இருக்கும். ஆனால் அதன் சோற்றில் கலப்பது நல்லெண்ணெய் வகை. வினிகர் இல்லாததால் சுவையும் வேறு, சோற்றின் குணமும் வேறு.

அந்தச் சோற்றை ஆக்குவதில்தான் முக்கால்வாசித் தொழிலும் அடங்கியிருக்கிறது. அரிசி குட்டையானது, ஜப்போனிகா இனம். அமிலோஸ் என்ற மாவுச்சத்து இதில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம். நமக்குப் பழக்கமான பொன்னி வகைகளில் அது கூடுதல் என்பதால்தான் நம் சோறு உதிரி உதிரியாக வருகிறது. ஜப்போனிகா பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஆனால் குழையாது. கழுவிய தண்ணீர் தெளியும்வரை அலசி, அரை மணி நேரம் ஊறவைத்து, வடிக்காமல் அளவாகத் தண்ணீர் விட்டு வேகவைப்பார்கள். வெந்ததும் மூடியைத் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் புழுங்கவிடுவார்கள். பிறகு அகலமான மரத்தொட்டியில் கொட்டி, ஆவி பறக்கும்போதே வினிகர், சர்க்கரை, உப்புக் கலவையை ஊற்றுவார்கள். 150 கிராம் அரிசிக்கு 25 முதல் 30 மில்லி வினிகர் ஒரு பொதுவான அளவு. சூடு ஆறிவிட்டால் பருக்கை அதை உள்ளே இழுக்காது, ஈரம் மேலேயே நிற்கும். துடுப்பு போன்ற அகப்பையைச் சாய்த்துப் பிடித்து, வெட்டுவது போலக் கலக்குவார்கள். கிண்டினால் பருக்கை உடைந்து கூழாகிவிடும். இன்னொரு கையில் விசிறி. விசிறினால் மேல்ஈரம் ஆவியாகி, பருக்கைக்கு ஒரு பளபளப்பு வரும். மிச்ச ஈரத்தைத் தொட்டியின் மரம் உறிஞ்சிக்கொள்ளும்.

வினிகர் சுவைக்காக மட்டும் சேர்ப்பதல்ல. வெந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றின் அமிலத்தன்மையை பி.எச். 4.6-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் அந்த வளர்ச்சி அடங்கிவிடும். அதனால்தான் சுஷிச் சோற்றைச் சில மணி நேரம் வெளியில் வைத்திருக்க முடிகிறது. வெளியில்தான் வைத்தாகவும் வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி வரிசைகட்டி இறுகிவிடும். சோறு விறைத்து மணல் போலாகும். உறைநிலையைச் சற்றே தாண்டிய குளிரில், அதாவது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக் குளிரில், இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கும்.

தொழிலின் மொத்தச் சிக்கலும் இங்கேதான். மீனுக்குக் குளிர் வேண்டும், சோற்றுக்குக் குளிர் ஆகாது. சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், மீன் ஐஸ் பக்கத்திலிருந்து வர வேண்டும். ஆகவே இரண்டும் வெவ்வேறு இடத்தில் காத்திருந்து, கேட்டவர் முன்னால் அந்த நொடியில் சேர்கின்றன. லைனுக்குத் தேவைப்படும் நிமிடத்தில்தான் பாகம் வந்து இறங்க வேண்டும், முன்கூட்டியே அசெம்பிள் செய்து குவித்து வைத்தால் நஷ்டம் என்று அன்றாடம் பழகியவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. குளிர்ப்பெட்டியில் அடுக்கிவைத்த சுஷிப் பெட்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

நிகிரி என்ற வகையைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பிடிப்பதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். சமையல்காரர் வினிகர் கலந்த தண்ணீரில் உள்ளங்கையை நனைத்து, கையைத் தட்டி உபரியை உதறுகிறார். இடது கை விரல்களின் மேல் மீன்துண்டு. வலது கையில் பதினைந்து, இருபது கிராம் சோறு, எடை பார்க்காமலே அளவாக வந்துவிடும். ஆள்காட்டி விரலால் மீனில் துளி வசாபி தடவி, அதன் மேல் சோற்றை வைத்து, கட்டைவிரலால் நடுவில் லேசாக ஒரு குழி. அந்தக் குழியில் காற்று தங்கும். புரட்டி, இரண்டு விரலால் அழுத்தி, திருப்பி இன்னொரு முறை. சில நொடிகளில் தட்டுக்கு வந்துவிடும். எடுக்கும்போது உடையக்கூடாது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அழுத்தம் கைக்குப் படிய வருடங்கள் ஆகும்.

மீனும் சோறும் சேர்ந்த கதை பழையது. தொடக்கத்தில் சோறு சாப்பிடுவதற்காக வைத்ததல்ல. உப்பிட்ட ஆற்றுமீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். சோறு புளித்து, அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும். நம் பழைய சோற்றைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் கூட்டம்தான் அங்கேயும் வேலை செய்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களை ஒட்டிப் பிறந்த முறை இது என்று கருதப்படுகிறது. ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் இன்றும் இப்படி மீனைப் புதைக்கிறார்கள், வாசனை பலமாக இருக்கும். பிறகு, மாதக்கணக்கில் காத்திராமல் சோற்றில் நேரடியாக வினிகர் கலக்கும் வழக்கம் வந்தது. 1820-களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பிடித்துத் தரும் நிகிரியைப் பரப்பியவராக ஹனயா யோஹெய் பெயரைச் சொல்வார்கள். தள்ளுவண்டிக் கடையில் நின்றபடி கையால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் சாப்பாடு அது. உருண்டையும் இன்றையதைவிடப் பெரிது.

இனி அந்தப் பச்சை மீன். பயம் நியாயமானது, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, அனிசாகிஸ் போன்ற ஒட்டுண்ணிப் புழுக்கள். உறையவைத்தால் இவை சாகும். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் என்பது ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் உள்ள அளவு. அமெரிக்க வழிகாட்டுதல் அதே குளிரில் 7 நாள் கேட்கிறது. ஆக, ‘ஃப்ரெஷ், உறையவைக்காதது’ என்று ஒரு கடை பெருமைப்பட்டால் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சால்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணிக்கு அஞ்சி ஜப்பானியர்கள் அதைப் பச்சையாகத் தின்னாமல்தான் இருந்தார்கள். தீவனம் போட்டுப் பண்ணையில் வளர்த்த மீனை 1980-களில் நார்வேக்காரர்கள் கொண்டுபோய் விடாப்பிடியாக விற்ற பிறகுதான் அது சுஷித் தட்டில் ஏறியது. நம் ஆற்று மீன், ஏரி மீன்களைப் பச்சையாகத் தொடவே கூடாது.

இரண்டாவது ஆபத்து ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். அலர்ஜி என்றே பலர் நினைத்துக்கொள்வார்கள். வேகவைத்தாலும் வறுத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. எனவே இது சுஷிக்கு மட்டும் உரிய ஆபத்தல்ல, நம் வீட்டுக் குழம்புக்கும் உள்ளது. ஒரே மருந்து, படகிலிருந்து தட்டுவரை அறாத குளிர். குமரி மாவட்டம் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டில் கயிறு விட்டுச் சூரை பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். அப்படிப்பட்ட மீன் சுஷிக்குத் தகுதி பெறுவதும் பெறாமல் போவதும், கடலிலிருந்து மேலே வந்ததும் எத்தனை நிமிடத்தில் ஐஸுக்குள் போனது என்பதைப் பொறுத்தது. ஜப்பானுக்குப் போகும் சூரையை மைனஸ் 60 டிகிரியில் வைக்கிறார்கள். மைனஸ் 20-ல் மாதக்கணக்கில் வைத்தால் சதையின் சிவப்பு நிறமியான மயோகுளோபின் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகிவிடும். மைனஸ் 60-ல் அந்த வேதிவினை ஏறத்தாழ நின்றுவிடுகிறது.

தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு உருண்டை இருக்கும். வசாபி என்று சொன்னாலும், ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் அது குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சைச் சாயமும்தான். இதைக் குறையாக நினைக்க வேண்டாம், மூன்று தாவரங்களிலும் மூக்கைத் துளைப்பது ஒரே பொருள், அல்லைல் ஐசோதயோசயனேட். செடிக்குள் அது தயாராக இருப்பதில்லை. துருவும்போது அல்லது அரைக்கும்போது திசு உடைந்து, ஒரு நொதி ஈரத்தில் வேலை செய்த பிறகே உண்டாகிறது. நாம் கடுகைச் சூடான எண்ணெயில் பொரிக்கும்போது அந்த நொதி அழிந்துவிடுகிறது, அதனால்தான் தாளித்த கடுகு மூக்கில் ஏறுவதில்லை. பச்சையாக அரைத்துப் பச்சடியில் கலந்த கடுகு ஏறும். மிளகாயின் காரப்பொருள் ஆவியாகாது, நாக்கிலேயே தங்கும். இது ஆவியாகி மூக்குக்குப் போகும், ஒரு நிமிடத்தில் அடங்கியும்விடும். தூங்குபவரையும் எழுப்பும் இந்த நெடியை வைத்து, காது கேளாதவர்களுக்கான தீ எச்சரிக்கைக் கருவி ஒன்றை ஜப்பானியர்கள் உருவாக்கினார்கள். 2011-ல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது.

உருளையைச் சுற்றியுள்ள கருந்தாள் நோரி, கடற்பாசி. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி வகைகள் அகர் போன்ற பசைகளுக்குப் போகின்றன. நோரியோ குளிர்நீர்ப் பாசி. அதன் விதைத்துகள் கோடையில் எங்கே போய்த் தங்குகிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாததால், ஜப்பானில் விளைச்சல் முழுக்க அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த கேத்லீன் ட்ரூ-பேக்கர் 1949-ல் விடை கண்டார். அது கிளிஞ்சல் ஓட்டுக்குள் இளஞ்சிவப்பு இழையாகப் புகுந்து வாழ்கிறது. வேறு செடி என்று அதுவரை எண்ணியிருந்த இழை அது. இதை வைத்து ஜப்பானியர்கள் ஓடுகளில் பாசியை நாற்றுவிடக் கற்றுக்கொண்டார்கள். ஜப்பானைப் பார்க்காமலே அவர் 1957-ல் காலமானார். அவருக்குக் குமமோட்டோ மாநிலத்தில் உதோ என்ற ஊரில் பாசி விவசாயிகள் நினைவுச்சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று விழா எடுக்கிறார்கள். ஒரு ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்குமா என்று தெரியவில்லை.

சுஷியை மலிவாக்கியவர்களும் ஆலைத் தொழிலாளர்கள்தான் என்று சொல்லலாம். ஒசாகாவை ஒட்டிய ஹிகாஷி ஒசாகா, சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்த ஊர். அங்கே யோஷியாகி ஷிராய்ஷி நடத்திய கடைக்குப் பட்டறைக்காரர்களே முக்கிய வாடிக்கையாளர்கள். கூட்டம் அதிகம், பரிமாற ஆள் குறைவு, விலையை ஏற்றவும் மனமில்லை. அசாஹி பீர் ஆலையில் புட்டிகள் கன்வேயரில் ஓடுவதைப் பார்த்தவருக்கு வழி கிடைத்தது. 1958-ல் தட்டுகள் தாமே சுற்றிவரும் கடையைத் திறந்தார். நேராக ஓடும் பெல்ட் எளிது, மூலையில் தட்டு முட்டிக்கொள்ளாமல் திரும்புவதுதான் கடினம். பிறைவடிவத் தகடுகளைக் கோத்துச் சங்கிலியாக்கி அதைத் தீர்த்தார். வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர். கூடினால் மீன் உலரும், குறைந்தால் காத்திருப்பவர் பொறுமை இழப்பார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சி இந்த முறையை நாடறியச் செய்தது. 1981-ல் சுசுமோ நிறுவனம் சோற்றை உருண்டை பிடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. மனிதக் கை விடும் அந்தக் காற்று இடைவெளியை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதே அதில் பெரும்பாடு.

முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை, வெள்ளரிக்காய் உருளையில் தொடங்குங்கள். அதில் சோற்றை மறைக்க ஒன்றும் இல்லை. சோறு விறைத்தோ குழைந்தோ இருந்தால் அந்தக் கடையில் பச்சை மீன் கேட்க வேண்டாம். அடுத்து வேகவைத்த இறால், சுட்ட விலாங்கு. பிறகு சூரை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், அதில் மரியாதைக் குறைவில்லை. சோயா சாஸில் மீன் பக்கத்தைத் தொட்டெடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் உறிஞ்சிக்கொண்டு உதிரும். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது மட்டும் கூடாது, அது அவர்கள் இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கு.

சைவம் உண்பவர்கள் சுஷியைவிட மிசோ சூப்பில்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பார்க்க மீன் தெரியாது. ஆனால் அடியில் இருக்கும் தாஷி என்ற சாறு, கொம்பு பாசியையும் கட்ஸுவோபுஷியையும் போட்டு எடுத்தது. கட்ஸுவோபுஷி என்பது வரிச்சூரையை அவித்து, புகைபோட்டு, கட்டை போல உலர்த்தியது. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் அதே மீனை அதே வழியில் பக்குவம் செய்வதுதான் ராமநாதபுரத்திலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாடு. கொம்புவில் உள்ள சுவைப்பொருள் குளுட்டமேட் என்று 1908-ல் கிகுனே இகெடா கண்டார். மீனில் உள்ளது இனோசினேட் என்று 1913-ல் அவர் மாணவர் ஷின்டாரோ கொடாமா கண்டார். இரண்டும் சேரும்போது சுவை பலமடங்கு கூடும். மீன் வேண்டாதவர்கள் கொம்புவும் உலர்ந்த ஷீட்டேக் காளானும் மட்டும் போட்ட தாஷி வேண்டும் என்று மேசை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஜப்பானின் புத்த மடங்களில் காலங்காலமாகச் செய்வது அது, சமையல்காரருக்குத் தெரிந்திருக்கும்.