பாடு முறையும் கைபேசி முறையும்

பொன்னேரி வட்டத்துக் காட்டூர் முதலிய ஊர்களை அடுத்துப் பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருப்பினும், தென்பகுதியை நம்பிப் பிழைக்கும் மீனவக் குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். இவ்வூர்களில் சிலவற்றில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. ஏரியின் எல்லா இடங்களிலும் இறால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நல்ல இடங்களை வலுத்தவர்களே பிடித்துக்கொண்டால் ஏனையோர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே உரிமையுள்ளோரின் பெயர்களை வரிசைப்படுத்தி, வலை கட்டும் இடங்களை முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். தம் முறை எப்போது வரும், எந்த இடத்தில் வரும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். தகராறு எழுந்தால் ஊர்க்கூட்டத்தில் கேட்கலாம்.

இது குறையற்ற ஏற்பாடு என்று நாம் கூறவில்லை. பாட்டுப் பெயர்வரிசையில் இடமில்லாதோரும் அதே ஏரியை நம்பியே வாழ்கின்றனர். இருளர் குலப் பெண்கள் நீரில் அமர்ந்து கைகளால் தடவி இறால் பிடிப்பதை அங்கே இன்றும் காணலாம். எனினும் வேலையைப் பங்கிடும் விதி ஊரறிய இருக்கிறது என்னும் ஒரு சிறப்பைப் பாடு முறைக்கு மறுக்க இயலாது. கணினியும் கைபேசியும் தொழிலை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய்வோருக்கு இது நல்ல அளவுகோலாகும்.

கைபேசியால் நன்மை விளைந்ததற்குக் கேரளக் கடற்கரையே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1997 ஜனவரி 14ஆம் தேதி வடகரையில் 11 படகுக்காரர்கள் தாங்கள் பிடித்த மத்தி மீனை வாங்குவாரின்றி எறிந்துவிட்டனர். அன்றே 15 கிலோமீட்டருக்குட்பட்ட மற்றச் சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினர். அவ்வாண்டு முதல் 2001 வரை அக்கரையோரத்தில் கைபேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுந்தன. கடலிலிருந்தபடியே விலை விசாரித்து, ஏற்ற துறைக்குப் படகைத் திருப்பும் வழக்கம் ஏற்பட்டது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். மீனவரின் இலாபம் 8 சதவிகிதம் உயர்ந்தது என்றும், வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவிகிதம் குறைந்தது என்றும், மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்றும் அவர் கணக்கிட்டார்.

இக்கணக்கைப் படித்து மகிழ்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை தெரிந்தால் மட்டும் போதாது. விரும்பிய இடத்தில் விற்கும் சுதந்திரமும் வேண்டும். வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அடுத்த துறையில் இரட்டிப்பு விலை என்று கைபேசி கூறினாலும், மீனை அந்த வியாபாரியிடமே இறக்கியாக வேண்டும். முதலாளியிடம் முன்பணம் பெற்றுப் பாவு போட்ட நெசவாளரும், நெல்லை அடமானம் வைத்த விவசாயியும் இதை நன்கு அறிவார்கள். 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் இம்முடிச்சைத்தான் அவிழ்க்க முற்பட்டது. கரையில் நடக்கும் முதல் ஏலத்தை ஊர்ச் சங்கமே நடத்துவது, கடனையும் சங்கமே கொடுப்பது என்பது அதன் திட்டம். கைபேசி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்ட காரியம் இது.

இனி, வேலையையே கைபேசி பங்கிடும் புதிய நிலைமைக்கு வருவோம். கடற்கரையையோ தறியையோ விட்டுச் சென்னைக்குச் சென்று, உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் வேலையில் அமர்கிறான் ஓர் இளைஞன் என்று கொள்வோம். அவனுக்கு மேஸ்திரி இல்லை. கைபேசித் திரையே மேஸ்திரி. அடுத்த வேலை தனக்கு ஏன் வந்தது, பக்கத்தில் நிற்பவனுக்கு ஏன் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. நேற்றைய கூலி இன்று ஏன் குறைந்தது என்று கேட்கவும் ஊர்க்கூட்டம் இல்லை. ஜக்கார்டு தறியில் அட்டையின் துளைகள் எங்கெங்கே உள்ளன என்பதை நெசவாளர் கண்ணால் காண்கிறார். அந்த அட்டையின் வழித்தோன்றலே கணினி. ஆனால் இந்த அட்டை கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது.

இத்தகையோரின் தொகை 2020-21இல் நாடெங்கும் 77 லட்சம் என்றும், 2029-30இல் 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டுள்ளது. நம் மாநிலத்தில் 2023இல் இவர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கம்பெனிகள் தம் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவிகிதம் வரை இவர்களுடைய நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் விபத்துக்கு உதவி கொடுப்பது வேறு, வேலைப் பங்கீட்டின் விதியைத் திறந்து காட்டுவது வேறு. இரண்டாவதைத் தொட்டிருப்பது 2025ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம். தானியங்கும் கணிப்பு முறைகள் வேலையை எவ்விதம் பாதிக்கின்றன என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது.

கூட்டுறவுத் துறையும் வாளாவிருக்கவில்லை. அமுல், இப்கோ, நபார்டு முதலியவற்றின் ஆதரவுடன் சஹகார் டாக்சி கூட்டுறவு அமைப்பு 2025இல் பதிவாயிற்று. ‘பாரத் டாக்சி’ என்ற பெயரில் அவ்வாண்டு டிசம்பரில் டெல்லியில் சோதனையாக வண்டிகள் ஓடத் தொடங்கின. ஓட்டுநர்களே அங்கத்தினர்கள், சவாரிக்குச் சவாரி தரகு பிடிப்பதில்லை என்பது அதன் கொள்கை. பெரிய ஸ்தாபனங்கள் மேலிருந்து அமைத்த சங்கம் ஆதலால், சவாரிப் பங்கீட்டு விதி ஓட்டுநர் மகாசபையின் முன் வைக்கப்படுமா என்பதை நாம் கவனித்து வரவேண்டும்.

நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் சங்கங்களும் இப்போது கைபேசி வழி விற்பனையில் இறங்கி வருகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நிர்வாகக் குழுவினர் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். தரகு எத்தனை சதவிகிதம், அதை இடையில் உயர்த்த யாருக்கு அதிகாரம், பண்டிகைத் தள்ளுபடியை யார் தலையில் கட்டுவது, நம் சேலை திரையில் முதலில் தெரிவதும் கடைசியில் தெரிவதும் எதைப் பொறுத்தது என்பன அவை. வாங்கியவர் திருப்பியனுப்பும் சேலைக்குப் போக வரக் கூலி யார் கொடுப்பது என்பதையும் விட்டுவிடலாகாது. நெசவாளியின் இலாபம் பெரும்பாலும் அந்தக் கூலியிலேயே கரைந்துவிடும்.