இணையக் கணக்குகளும் வாரிசுரிமையும்: ஆய்வாளர்தம் மின்சேகரிப்புகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மின்சேகரிப்பு, வாரிசுரிமை, உயில், பதிப்புரிமை, நியமனதாரர்

முன்னுரை

திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008), தம் எழுத்து வாழ்வின் பிற்பகுதியில் 'அம்பலம்' என்னும் இணைய இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். அச்சில் வெளிவந்த அவருடைய நூல்களின் நிலை தெளிவானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி அவற்றின் உரிமை 2068ஆம் ஆண்டின் இறுதிவரை நீடிக்கும். நூலகங்களில் படிகளும் உள்ளன. இணைய இதழில் மட்டுமே வெளிவரும் எழுத்துக்கு இவ்வுறுதி இல்லை. தளத்தின் முகவரியைப் புதுப்பிக்க ஆளில்லையெனில் உரிமை எஞ்சும், எழுத்து எஞ்சாது. சுவடிப் படங்கள், களஆய்வு ஒலிப்பதிவுகள், அச்சேறாத வரைவுகள் ஆகியவற்றைத் தனிப்பட்ட மின்னஞ்சல் கணக்கில் வைத்திருக்கும் ஆய்வாளர் எவருக்கும் இதே நிலை நேரலாம்.

அணுகலும் உரிமையும்

ஒருவர் மறைந்தபின் அவர் கணக்கைத் திறக்க இயலுவது வேறு; அதிலுள்ளவற்றுக்கு உரியவராவது வேறு. முன்னதற்கு நிறுவனங்களே வழி வகுத்துள்ளன. கூகுள் 2013இல் அறிமுகப்படுத்திய செயலற்ற கணக்கு மேலாளரில் 3, 6, 12 அல்லது 18 மாதங்கள் எனக் காலத்தைக் குறித்து, பத்துப் பேர் வரை நியமிக்கலாம். இவ்வேற்பாட்டைச் செய்யாது விட்டால் இழப்பு நேரலாம்: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை அந்நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. முகநூலில் நியமிக்கப்படுபவர் நினைவுப் பக்கத்தைப் பேணலாம். தனிச்செய்திகளைப் படிக்க இயலாது.

நியமிக்கப்பட்டவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நிறுவனப் பங்குகள் தொடர்பான வழக்கொன்றில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. மின்வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023), பிரிவு 14 குறிப்பிடும் நியமனமும் தரவு தொடர்பான உரிமைகளைச் செலுத்துவதற்கே உரியது. உடைமையைத் தீர்மானிப்பது உயிலும் வாரிசுரிமைச் சட்டமுமே.

ஆய்வாளர் கவனத்திற்குரியது பதிப்புரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அச்சேறாத மூலப்படி ஒன்றை உயிலால் ஒருவருக்கு அளித்தால், வேறு நோக்கம் உயிலில் சுட்டப்படாதவரை, எழுதியவரிடம் இருந்த பதிப்புரிமையும் அவரையே சேரும். கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை என அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. எனினும், பல கருவிகளில் ஒரே வேளையில் சேமிக்கப்படும் கோப்பில் மூலப்படி எது என்பது வாதத்திற்குரியது. ஆகவே கோப்பைக் குறிப்பிடுவதோடு நில்லாமல், பதிப்புரிமையையும் வெளிப்படையாக எழுதுவதே தக்கது. நாட்டுப்புறப் பாடகரின் ஒலிப்பதிவில் பாடகருக்கெனத் தனியுரிமை உண்டு. தமக்கில்லாத அவ்வுரிமையை ஆய்வாளர் எவருக்கும் எழுதிவைக்க இயலாது.

உயிலின் வடிவம்

திருவரங்கம் முதலிய கோயில்களின் கொடைக் கல்வெட்டுகளை வாசித்தோர் இதன் பழைய வடிவத்தை அறிவர். சோழர் கால நந்தா விளக்குக் கொடைகளில் கொடுத்தவர், பொருளின் அளவு, அதனைக் கொண்டு நாள்தோறும் நெய் அளக்க வேண்டியவர் ஆகியோர் பெயர் சுட்டப்படுவர். ஆடுகளோ 'சாவா மூவாப் பேராடு' எனப்படும். ஆடு மாளும், எண்ணிக்கை மாளாது பேணுவது பெற்றவர் கடன். மின்சேகரிப்புக்கும் இத்தகைய கடனாளி ஒருவர் வேண்டும். அவர் குடும்பத்தினராகவே இருக்க வேண்டியதில்லை. துறை அறிந்த மாணவராகவோ, ஏற்க இசையும் நூலகமாகவோ இருக்கலாம்.

உயில் தாளிலேயே அமைய வேண்டும். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்வடிவ ஏற்பிலிருந்து உயிலை விலக்கியுள்ளது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் (1925), பிரிவு 63 சான்றாளர் இருவரைக் கோருகிறது. இசுலாமியர் உயில் இப்பிரிவுக்கு உட்பட்டதன்று. கடவுச்சொல்லை உயிலில் எழுதுதல் கூடாது. நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படும்போது உயில் பலர் பார்வைக்கு வரும். கடவுச்சொல்லும் இடையிடையே மாறும். அதனைத் தனியுறையில் வைத்து, உறை உள்ள இடத்தை மட்டும் உயிலில் சுட்டலாம்.

உறை கிடைத்தும் கணக்குத் திறக்காமற் போகும் நிலையும் உண்டு. இறுதிச் சடங்குகள் முடிந்ததும் கட்டணத்தை எண்ணிக் குடும்பத்தினர் மறைந்தவரின் கைப்பேசி இணைப்பைத் துண்டிப்பதுண்டு. ஒருமுறைக் கடவுச்சொல் அவ்வெண்ணுக்கே வரும். அவ்வெண்ணோ நாளடைவில் வேறொருவருக்கு வழங்கப்படலாம். கோப்புகள் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்வரை இணைப்பை வைத்திருக்குமாறு வீட்டாரிடம் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.