வானத்தைப் படிப்பவர்களின் ஐந்தாண்டுக் கணக்கு

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு மாலை ஐந்து மணிக்குத் தவறாமல் வந்துவிடுவார் ஒரு பொறியாளர். பொதுப்பணித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் ஏரி, மதகு, கலங்கல் என்று அலைந்து ஓய்வுபெற்றவர். எனக்கு அவர் சார், அவருக்கு நான் தம்பி. அன்று செய்தித்தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தைக் கலைக்கப்போவதாக வெள்ளை மாளிகையின் வரவுசெலவுத் துறைத் தலைவர் ரஸ்ஸல் வோட் அறிவித்திருந்தார். 2025 டிசம்பர் அது.

"இது என்ன ஆபீஸ் தம்பி? நம்ம நுங்கம்பாக்கம் மாதிரியா?"

"இல்ல சார். நுங்கம்பாக்கத்துல நாளைக்கு மழை வருமான்னு சொல்வாங்க. அதை எப்படிச் சொல்றதுன்னு கண்டுபிடிக்கிறவங்க இவங்க. அன்றாட முன்னறிவிப்புக்கு அங்க வேற துறை இருக்கு."

"அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் ஸ்ட்ராட்டஜிக் பிளான் எல்லாம் போடுவாங்களாமே. காத்துக்கு எப்படிய்யா பிளான் போடுவான்?"

நியாயமான கேள்வி. ஆராய்ச்சி என்றாலே தெரியாததைத் தேடுவதுதான். தெரியாததற்கு முன்கூட்டியே அட்டவணை போட்டால் அது ஆராய்ச்சியா, குமாஸ்தா வேலையா? இதற்குப் பதில் சொல்ல 1958க்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாவது டீக்குச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

அந்த வருடம் லாயிட் பெர்க்னர் தலைமையிலான அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழு, வானிலை ஆராய்ச்சிக்கென்று தேசிய அளவில் ஒரு நிறுவனம் வேண்டும் என்றது. மறுவருடம் பல்கலைக்கழகங்கள் கூடி அதற்கு ஒரு வரைவு எழுதின. அட்டையின் நிறத்தால் அதற்கு நீலப் புத்தகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் சொன்ன காரணங்கள் நான்கு. காற்று உலகம் முழுக்கச் சுற்றுவது, ஆகவே ஆராய்ச்சியும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய விமானம், ரேடார், பெரிய கணினி எல்லாம் ஒரு பல்கலைக்கழகத்தால் தனியாகக் கட்டிக்காக்கக் கூடியவை அல்ல. இயற்பியல்காரரும் வேதியியல்காரரும் கணிதக்காரரும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டும். கடைசிக் காரணம்தான் நுட்பமானது: நல்ல ஆட்களை எல்லாம் இழுத்துக்கொண்டு பல்கலைக்கழகங்களைக் காலி செய்துவிடக் கூடாது, பாடமும் ஆராய்ச்சியும் பிரியக் கூடாது.

1960இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் மையம் உருவானது. பணம் அரசின் தேசிய அறிவியல் நிறுவனத்துடையது. நிர்வாகமோ பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம். தொடக்கத்தில் 14 பல்கலைக்கழகங்கள், இப்போது 120க்கும் மேல்.

"அதாவது, பதினாலு பேர் சேந்து வாங்கின டிராக்டர்," என்றார் பொறியாளர். "நடவு சமயத்துல எல்லாருக்கும் ஒரே நாள்ல வேணும்பான். முறை வச்சாத்தான் ஆகும்."

நான் அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கக்கூடியதை அவர் ஒரு வாயில் சொல்லிவிட்டார். இந்த மையத்தின் திட்டத்தில் பெரும்பகுதி முறை வைக்கிற வேலைதான். 51,000 அடி வரை ஏறக்கூடிய ஒரு விமானம் இருக்கிறது. அலாஸ்காவில் மேகம் பார்க்க ஒருவர் கேட்கிறார், பசிபிக்கில் புகை பார்க்க இன்னொருவர் கேட்கிறார். இருவருடைய விண்ணப்பத்தையும் அதே துறையைச் சேர்ந்த மற்றவர்கள் படித்துத் தராதரம் பார்க்கிறார்கள். பறக்கும் நாளுக்கு நெடுநாள் முன்பே இது முடிய வேண்டும். எப்போது புயல் வரும் என்று தெரியாது. ஆனால் எந்த மாதம் விமானம் யாரிடம் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் இயக்குநர் வால்டர் ஆர் ராபர்ட்ஸ் சூரியனை ஆராய்ந்த வானியலாளர். 1940இல் மாணவராக இருந்தபோதே கிளைமேக்ஸ் என்ற சுரங்க ஊரில் சூரிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கி நடத்தியவர். அந்த ஆய்வுக்கூடம் மையத்தோடு இணைந்துகொண்டது. ஆகவே இந்தப் பூமி ஆய்வு மையத்தின் மிகப் பழைய பிரிவு, மையத்தை விட இருபது வயது மூத்தது, பார்ப்பதோ சூரியனை! எந்தத் திட்டக்குழுவும் வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்குவதில்லை என்பதற்கு இதைத்தான் சொல்வேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பாட்டி இருப்பார்.

ராபர்ட்ஸுக்கு ஊருக்கு மேலே ஒரு மேட்டு நிலம் பிடித்துவிட்டது. ஆனால் போல்டர் மக்கள் 1959இல்தான் ஒரு விதியை வாக்களித்துக் கொண்டுவந்திருந்தார்கள். 5,750 அடி உயரத்துக்கு மேல் நகராட்சித் தண்ணீர் தரப்படாது. மலையடிவாரத்தில் வீடுகள் முளைத்துவிடக் கூடாதே என்ற கவலை. நீலக் கோடு என்பார்கள் அதை. ஆய்வு மையம் வேண்டிய இடம் அந்தக் கோட்டுக்கு மேலே.

பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேட்டுக்குத் தண்ணி. அப்புறம்?"

அப்புறம் ஊரே மறுபடி வாக்களித்தது. இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் விலக்கு தரலாம் என்று 1961இல் முடிவானது. கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய், மேசா வெர்டேயில் பழங்குடி மக்கள் பாறை இடுக்குகளில் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பின்னால் தெரியும் மலையின் செம்மை நிறத்திலேயே கான்கிரீட் கோபுரங்களை எழுப்பினார். நேராக நீளும் நடைவழிகள் வேண்டாம், ஆட்கள் ஒருவரையொருவர் எதிர்பாராமல் சந்திக்க வேண்டும், தனியாக உட்கார்ந்து யோசிக்க உச்சியில் சிறு அறைகளும் வேண்டும் என்பது யோசனை. சுவரும் படிக்கட்டும் கூடத் திட்டத்தின் ஒரு பகுதிதான், அதுவும் ஐம்பது வருடம் தாண்டி நிற்கிற பகுதி.

அடுத்து நான் சொன்னது ஒரு தோல்வி.

1970களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. மேகத்துக்குள் ரசாயனத்தைச் செலுத்தினால் ஆலங்கட்டி மழை குறைகிறதாம். கொலராடோவில் ஆலங்கட்டி என்றால் விளைந்த கோதுமை ஒரே மாலையில் தரையோடு தரை. ஐந்து வருடத்துக்குத் தேசிய ஆலங்கட்டி ஆய்வு என்று பெரிதாகத் திட்டம் போட்டார்கள், பொறுப்பு இந்த மையத்திடம். 1972 முதல் மூன்று பருவங்கள் மேகங்களில் வெள்ளி அயோடைடு விதைத்துப் பார்த்தார்கள். விதைத்த நாளுக்கும் விதைக்காத நாளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. விதைப்பை அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

திட்டக் கோப்பில் இது தோல்வி. ஆனால் ஆலங்கட்டியை அடையாளம் காண்பதற்கென்று ஒரு ரேடார் அமைத்திருந்தார்கள். சிபி-2 என்று பெயர். அதுவும், அதை இயக்கப் பழகிய ஆட்களும் மிஞ்சினார்கள்.

இதற்கிடையில் வேறு ஒரு மர்மம் ஓடிக்கொண்டிருந்தது. 1975இல் நியூயார்க்கில் தரையிறங்க வந்த ஒரு விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபுஜிட்டா பதிவுகளை ஆராய்ந்து, மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கொத்தாகக் கீழே விழுந்து விமானத்தை அடித்துத் தள்ளியது என்றார். துறையில் பலர் நம்பவில்லை. வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபுறமும் சிதறுகிறது அல்லவா, அப்படிச் சில நிமிடம், சில கிலோமீட்டர் அகலத்துக்குள் நடந்து முடிந்துவிடும். இதற்கு மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர். இறங்கும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும், விமானம் கொஞ்சம் எழும்பும். விமானி சரி என்று வேகத்தைக் குறைப்பார். அடுத்து மேலிருந்து அழுத்தம். அதைத் தாண்டினால் பின்காற்று, இறக்கையில் தூக்கும் பிடியே போய்விடும். தரையோ அருகில்.

1982 கோடையில் டென்வர் விமான நிலையத்தைச் சுற்றி டாப்ளர் ரேடார்களை நிறுத்தி ஃபுஜிட்டாவும், மையத்தின் ஜான் மெக்கார்த்தி, ஜிம் வில்சன் ஆகியோரும் கண்காணித்தார்கள். அந்த ரேடார்களில் ஒன்று பழைய சிபி-2. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூலை 9 அன்று நியூ ஆர்லியன்ஸ் அருகே பான் ஆம் விமானம் எழும்பியவுடன் விழுந்து 153 பேர் இறந்தார்கள். டென்வரின் ரேடார் திரையிலோ, அதே காற்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. எங்கிருந்து கிளம்புகிறது, எத்தனை நிமிடத்தில் முற்றுகிறது என்றெல்லாம் அளந்தார்கள். விமான நிலையங்களுக்கான தனி ரேடார், விமானிகளுக்கான பயிற்சி எல்லாம் அதிலிருந்து வந்தவை.

"ஆலங்கட்டிக்கு வாங்கினது விமானத்துக்கு ஆச்சு," என்றார். "பாசனத்துக்கு வெட்டின ஏரி ஊருக்குக் குடிதண்ணியா ஆகுற மாதிரி. மழைக்கு எவன் பிளான் போட முடியும்? கரையப் பலப்படுத்தி வைக்கலாம், மதகுக்கு எண்ணெய் போடலாம்."

எனக்கும் அதேதான் தோன்றுகிறது. இந்த மாதிரி மையத்தின் திட்டத்தில் இன்னின்ன கண்டுபிடிப்போம் என்று எழுதியிருக்கும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம். கருவி, கணினி, ஆள் என்ற மூன்றுக்கும் ஒதுக்கிய பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது.

கணினியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் கிரே-1ஏ என்ற மீக்கணினி இங்கே வந்தது. விலை 88 லட்சம் டாலருக்கு மேல். வினாடிக்கு அதிகபட்சம் 16 கோடி கணக்குகள். 2023இல் ஓடத் தொடங்கிய டெரேச்சோ என்ற மீக்கணினியின் வேகம் அதைப்போல் ஏறத்தாழ 12 கோடி மடங்கு. இயந்திரம் ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும். கட்டடம் அப்படி இல்லை. மேட்டுக் கட்டடத்தில் மின்சாரமும் குளிரூட்டலும் போதவில்லை என்று ஆனதும், பக்கத்து வயோமிங் மாநிலத்தின் செயென் நகரை 2007இல் தேர்ந்தார்கள். குளிர்ந்த, வறண்ட காற்று. பாதி வேலையை இயற்கையே பார்த்துக்கொள்ளும். 2012இல் திறந்தது. அதாவது, கணினியை நிறுத்த ஓர் அறை கட்டவே ஐந்து வருடம். இதற்குத்தான் முன்யோசனை வேண்டும்.

எதைக் கைவிடுவது என்பதும் திட்டம்தான், ஆனால் அதை யாரும் கொட்டை எழுத்தில் எழுதுவதில்லை. எம்எம்5 என்ற வானிலைக் கணினி மாதிரி உலகம் முழுக்கப் புழங்கிக்கொண்டிருந்தபோதே அதை வளர்ப்பதை நிறுத்தி, டபிள்யூஆர்எஃப் என்ற புதியதில் கை வைத்தார்கள். பழகியவர்களுக்குக் கசப்புதான். இன்று நம் வானிலைத் துறை இயக்கும் மாதிரிகளில் அதுவும் ஒன்று, விலை கிடையாது. அது நல்ல முடிவு. இன்னொன்று அப்படி இல்லை. 2008இல் பணமுடை வந்தபோது, மிக்கி கிளான்ட்ஸ் நடத்திவந்த ஒரு சின்னப் பிரிவை மூடினார்கள். வறட்சியும் வெள்ளமும் வரும்போது ஏழை நாட்டு மக்கள் என்ன செய்யலாம் என்பதைப் பார்த்த பிரிவு அது. 2020க்கான திட்டத்தில் மையம் முன்னிறுத்திய சொல், செயலுக்கு உதவும் அறிவியல்! மூடாமல் வைத்திருந்தால் அந்தச் சொல்லுக்குப் பன்னிரண்டு வருட அனுபவம் பின்னால் நின்றிருக்கும்.

ஆட்கள் விஷயத்துக்கு நம் பக்கத்திலிருந்தே ஒருவர். வீ. ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குளிர்பதனத் தொழிற்சாலையில் வாயுக் கசிவோடு மல்லுக்கட்டியவர். அதே வகை வாயுக்கள் பூமியைக் கடுமையாகச் சூடாக்கும் என்று 1975இல் கணக்கிட்டுக் காட்டினார். அடுத்த வருடம் போல்டருக்கு வந்து பத்து வருடம் இருந்தார். எல்லாப் பல்கலைக்கழகங்களும் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும்படியான பருவநிலை மாதிரி அங்கே உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. குளிர்பதனப் பெட்டி ரிப்பேர் தெரிந்த ஆள் ஒருவர் தேவை என்று எந்தத் திட்டம் எழுதியிருக்கும்?

பொறியாளர் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அஞ்சு வருஷத்துக்குப் பிளான் போடுவாங்க. ஆனா பணம்?"

"வருஷா வருஷம் நாடாளுமன்றம் ஒதுக்கணும் சார்."

"எங்க டிபார்ட்மென்ட்டேதான். மார்ச் கடைசியில பணம் வரும், முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணும்பான்." சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "கலைச்சா வேலைய வேற எங்கயாவது மாத்திடுவாங்கல்ல?" என்றார்.

முக்கியமான பணிகளை வேறிடத்துக்கு மாற்றுவதாகத்தான் சொல்கிறார்கள். ரேடாரை லாரியில் ஏற்றலாம். சிபி-2 கூடப் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போனது. ஆனால் ஆலங்கட்டி பார்த்தவரும் விமானக் காற்றைப் பார்த்தவரும் ஒரே கட்டடத்தில் இருந்ததால் நடந்ததை எந்த லாரியில் ஏற்றுவது? என் கணிப்பில் அந்த அறிவிப்பு தவறு, அதை அவரிடமும் சொன்னேன்.

"அதுக்கு என்ன கணக்கு தம்பி? லாபம் இவ்வளவுன்னு காட்ட முடியுமா?"

1994 ஜூலை 2 அன்று வட கரோலினாவின் ஷார்லட் நகரில், மைக்ரோபர்ஸ்டில் சிக்கி ஒரு யுஎஸ்ஏர் விமானம் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் எந்தப் பயணிகள் விமானமும் அந்தக் காற்றால் விழவில்லை.